நல்ல மனிதரை எந்தச் சொல்லால் சொல்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வு விழாவில் பாராட்டுரை, இரங்கல் குறிப்பு, வேலைக்குப் பரிந்துரைக் கடிதம், சம்பந்தம் பேசுவதற்கு முன் விசாரிக்க வருபவருக்குச் சொல்லும் பதில். இந்த நாலு இடத்திலும் ஒருவருடைய குணத்தைப் பற்றி நாம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் "நல்ல மனிதர், பண்பாளர், நேர்மையாளர்" என்று மூன்றையும் அடுக்கிவிட்டு முடித்துக்கொள்கிறோம். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரி அது. அவரைத் தெரியாதவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தெரிந்தவருக்கோ, இவ்வளவுதானா என்று இருக்கும்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. காசு விஷயத்தில் சுத்தமாக இருப்பவருக்கு ஒரு சொல், எதிரியிடமும் மரியாதை குறையாதவருக்கு ஒரு சொல், பழிக்கு அஞ்சுபவருக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். ஆயுள் முழுக்க ஒழுங்காக வாழ்ந்த ஒருவருக்கு, அவருக்கே உரிய சொல்லைத் தேடி எடுத்துக் கொடுப்பதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன். எப்படித் தேடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: சம்பவத்தை முதலில் எழுதுங்கள்

சொல்லை யோசிக்க ஆரம்பித்தால் கைக்கு முதலில் வருவது பழகித் தேய்ந்த சொல்தான். அதனால் சொல்லைத் தள்ளி வையுங்கள். அந்த மனிதர் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா? சரி, இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிறர் பணம் அவர் கையில் இருந்தபோது என்ன செய்தார்? தனக்குக் கீழே வேலை செய்பவரை எப்படிக் கூப்பிடுவார்? கொடுத்த வாக்கால் நஷ்டம் வந்தபோது என்ன சொன்னார்? தனக்கு ஆகாதவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எப்படி நடந்துகொள்வார்?

திருவள்ளுவர் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். சான்றாண்மை அதிகாரத்தில், "அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால் பூன்றிய தூண்" என்கிறார். அன்பு, பழிக்கு நாணுதல், ஊரோடு ஒத்து உதவி வாழ்தல், இரக்கம், உண்மை என்று ஐந்து தூண்கள். இந்த ஐந்தில் அவர் எதில் நிற்கிறார் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் குறளில் உள்ள சொல்லை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். கண்ணோட்டம் என்றால் இன்றைக்குப் பார்வைக் கோணம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். "கண்ணோட்டம் மிக்கவர்" என்று எழுதினால் இரக்க குணம் யாருக்கும் நினைவுக்கு வராது.

இரண்டாம் படி: காசு சம்பந்தமான குணமா என்று பாருங்கள்

சம்பவத்தில் பணம் வருகிறதென்றால் உங்களுக்கு வேண்டிய சொல் நாணயம், கை சுத்தம், நேர்மை இந்த மூன்றைச் சுற்றித்தான் இருக்கும். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் புழங்கும் இடம் வேறு.

நாணயம் என்பது கொடுக்கல் வாங்கலுக்கு உரியது. சொன்ன தேதியில் கடனைத் திருப்பிக் கொடுப்பவர், சரக்கில் குறை வைக்காதவர், சீட்டுப் பணத்தை ஒழுங்காகப் பட்டுவாடா செய்பவர் எல்லாம் நாணயஸ்தர்கள். வியாபாரி, தரகர், ஒப்பந்தக்காரர், சீட்டு நடத்துபவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் தமிழில் கிடையாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிச் சொல்லும்போது "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது" என்கிறது. வாங்கும்போது அதிகமாக எடுக்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைக்கமாட்டார்கள். நாணயம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவாக விளக்கம் சொல்ல முடியாது. அவர்களை "நடுவு நின்ற நன்னெஞ்சினோர்" என்றும் அந்தப் பாட்டு சொல்கிறது.

கை சுத்தம் என்பது அதிகாரமோ பொறுப்போ கையில் இருப்பவருக்கு. அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், கோயில் கணக்கு பார்ப்பவர், சங்கத்தின் பொருளாளர், வீட்டு வேலைக்கு வருபவர். எடுக்க வாய்ப்பு இருந்தும் எடுக்காதவர் கை சுத்தமானவர். எழுத்தில் கொஞ்சம் உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் "கறை படியாத கரத்துக்குச் சொந்தக்காரர்" என்பார்கள். அரசியல் மேடைகளில் அதிகம் அடிபட்டுவிட்ட தொடர் அது. பேச்சு வழக்கில் உள்ள "ஒரு டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார்" என்பதை நான் எப்போதும் மேலாக வைப்பேன். அதைக் கேட்டதும் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

நேர்மை இந்த இரண்டையும் உள்ளடக்கிய பெரிய சொல். பணம், பேச்சு, தீர்ப்பு எல்லாவற்றுக்கும் வரும். பெரிய சொல் என்பதாலேயே தனியாக நின்றால் எடை குறைந்துவிடும். அதற்குப் பக்கத்தில் ஒரு செய்தி வேண்டும். கக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் 1967 வரை தமிழகத்தில் அமைச்சராக இருந்தவர். பதவி போன பிறகு நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில்தான் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க அங்கே வந்த எம்.ஜி.ஆர். அதைக் கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தார் என்பதைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் குறைவு. "நேர்மையான அமைச்சர்" என்று மட்டும் எழுதினால் கடந்து போய்விடுவோம். அந்த வார்டைச் சொன்ன பிறகு நேர்மை என்று எழுதினால் சொல் நிற்கிறது.

கறார் என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். "ஆள் கறாரானவர், ஆனால் நியாயமானவர்" என்பது கடைவீதியில் உண்மையான பாராட்டு. பரிந்துரைக் கடிதத்தில்கூட இதைத் துணிந்து எழுதலாம். கணக்கில் ஒரு ரூபாய் விடமாட்டார், உங்கள் ரூபாய் ஒன்றையும் எடுக்கமாட்டார் என்பது அதற்கு அர்த்தம்.

மூன்றாம் படி: பழகும் விதத்துக்கான சொற்கள்

கண்ணியம், பண்பு, தன்மை, நாகரிகம். இந்த நான்கில்தான் குழப்பம் அதிகம்.

கண்ணியம் என்பது எல்லை மீறாமை. கோபத்திலும் வாய் தவறாதவர், போட்டியிலும் கீழே இறங்காதவர், பெண்களிடமும் எளியவர்களிடமும் அளவறிந்து பழகுபவர் கண்ணியமானவர். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா மூன்றையும் சேர்த்து முழங்கியதால் பொதுவாழ்க்கையோடு இந்தச் சொல் இறுகப் பிணைந்துவிட்டது. காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலைக் "கண்ணியமிகு காயிதே மில்லத்" என்று சொல்வதுதான் இங்கே வழக்கம். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகப் பேசியவர், மாற்றுக் கட்சிக்காரர்களும் மதித்தவர். எதிர் அணியில் இருப்பவர்களும் ஒப்புக்கொள்ளும்போதுதான் கண்ணியம் என்ற சொல் முழுதாகப் பொருந்தும். நண்பர்கள் மட்டும் சொன்னால் போதாது. எழுதும்போது இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம்.

பண்பு கொஞ்சம் வேறு. கலித்தொகையில் "பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்" என்று ஒரு வரி வருகிறது. எதிரில் இருப்பவரின் நிலை அறிந்து, அவர் மனம் அறிந்து நடப்பதுதான் பண்பு. துக்க வீட்டில் என்ன பேச வேண்டும், கடன் கேட்டு வந்தவரை எப்படி உட்காரவைக்க வேண்டும் என்று தெரிந்தவர் பண்பாளர். படிப்பும் அறிவும் இருந்து இது இல்லாதவரை மரம் என்கிறார் வள்ளுவர்: "அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்". ஆக, பண்பாளர் என்று எழுதினால், அவர் யாருடைய நிலையை எப்படி உணர்ந்து நடந்தார் என்று ஒரு வரியாவது பின்னால் வர வேண்டும்.

தன்மை என்பது பேச்சுமொழிச் சொல். "தன்மையான மனுஷன்" என்றால் அதிர்ந்து பேசாதவர், எடுத்தெறிந்து பேசாதவர். கொங்குப் பக்கம் நிறையக் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் "அருமையான மனிசன், ஒரு சோலிக்கும் போகமாட்டார்" என்று சொன்னால், யார் வம்புக்கும் போகாத கண்ணியமான ஆள் என்று அர்த்தம். வட்டாரச் சொல் ஒருவருக்குப் பொருத்தமாக அமைந்தால், அவர் ஊர்க்காரர்கள் படிக்கும் குறிப்பில் அதையே போடுங்கள். இலக்கணத் தமிழில் மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

நாகரிகத்துக்கு இன்று இரண்டு வாழ்க்கை. "நாகரிகமானவர்" என்றால் உடுப்பும் பேச்சும் பாங்காக இருப்பவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். "அரசியல் நாகரிகம் தெரிந்தவர்" என்று அடையோடு சொன்னால் பொருள் நேராகப் போய்ச் சேரும்.

நான்காம் படி: மானம், மனசாட்சி

சிலர் யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காக இருப்பார்கள். அவர்களுக்கு "மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவர்", "பழிபாவத்துக்கு அஞ்சுபவர்" என்ற தொடர்கள் பொருந்தும். பிறரிடம் கை நீட்டாமல், தலை குனியாமல் வாழ்ந்தவருக்குத் தன்மானம், சுயமரியாதை. ரோஷம் என்ற சொல்லில் கோபத்தின் வாடையும் சேர்ந்தே வரும். கோபக்காரர் இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சாதுவையும் நல்லவரையும் கலக்காதீர்கள்

இது முக்கியம். வெள்ளந்தி, அப்பாவி, சாது, சூதுவாது தெரியாதவர், வாயில்லாப் பூச்சி. இந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது, ஆனால் மதிப்பு குறைவு. தீமை செய்யத் தெரியாதவர் என்பதும், தெரிந்தும் செய்யாதவர் என்பதும் ஒன்றில்லை. நாற்பது ஆண்டுகள் கஜானாவைப் பார்த்துக்கொண்டு ஒரு பைசா எடுக்காதவரை "பாவம், அப்பாவி மனுஷன்" என்று சொன்னால், அவர் தினமும் எடுத்த முடிவை நாம் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். வெள்ளை மனசுக்காரர் என்பது பரவாயில்லை. அதில் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர் என்ற பொருள் கிடைக்கிறது.

ஆறாம் படி: உயரமான சொற்களை எப்போது எடுப்பது

சான்றோர், ஆன்றோர், பெருந்தகை, தகைசால் ஆகியவை உயரமான இடத்துச் சொற்கள். சான்றோன் என்ற சொல்லுக்கே நீண்ட வரலாறு உண்டு. "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற புறநானூற்று வரியில் அது வீரனைக் குறிப்பதாகவே உரைகள் சொல்கின்றன. தன் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய் பெற்றபோதைவிட மகிழ்வாள் என்ற குறளில் அது நற்குணம் நிறைந்தவனாகிவிட்டது. இன்று சான்றோர் என்றால் வயதும் அறிவும் ஒழுக்கமும் கூடிய மூத்தவர்களைத்தான் நினைக்கிறோம். முப்பது வயது இளைஞரைச் சான்றோர் என்றால் காதில் ஒட்டாது. அவருக்குப் பண்பான இளைஞர் போதும்.

தகைசால் என்பதைத் தமிழ்நாடு அரசு 2021இல் ஒரு விருதின் பெயராக வைத்த பிறகு பலருக்கும் பழகிவிட்டது. முதல் தகைசால் தமிழர் விருது என்.சங்கரய்யாவுக்கு, அடுத்த ஆண்டு இரா.நல்லகண்ணுவுக்கு. விருதோடு பத்து லட்சம் ரூபாய் தந்தார்கள். சங்கரய்யா அதை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். நல்லகண்ணு தன்னிடமிருந்து ஐந்தாயிரம் ரூபாயைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஐந்தாயிரத்தை நினைத்துப் பாருங்கள். உயரமான சொல்லை எடுக்கிறீர்கள் என்றால், அதைத் தாங்குகிற அளவுக்கு இப்படி ஒரு செயல் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு படி இறங்கி எழுதுவதே அவருக்கு மரியாதை.

ஏழாம் படி: செய்யாததைச் சொல்லிப் பாராட்டுங்கள்

தமிழின் தனிச் சிறப்பு இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல குணத்தை நாம் பெரும்பாலும் எதிர்மறையில் சொல்கிறோம். வாக்கு தவறாதவர், கள்ளம் கபடம் இல்லாதவர், முகம் கோணாதவர், அடுத்தவர் காசுக்கு ஆசைப்படாதவர், அதிர்ந்து பேசாதவர். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டுப் பதில் சொல்கிற கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாட்டைப் பாருங்கள். இனியது என்று தனியாக உண்ணமாட்டார்கள், வெறுப்பு இல்லாதவர்கள், சோம்பி இருக்கமாட்டார்கள், பழி என்றால் உலகமே கிடைத்தாலும் கொள்ளமாட்டார்கள். "தமக்கென முயலா" என்று அதன் கடைசிப் பகுதி வரை எதிர்மறை தொடர்கிறது.

ஏன் இது வலுவாக இருக்கிறது? "நேர்மையானவர்" என்பது நம் கருத்து. "ஒரு நாளும் கை நீட்டி வாங்காதவர்" என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. அதில் சோதனையும் தெரிகிறது, அவர் மறுத்ததும் தெரிகிறது. ஆகவே எழுதிய குறிப்பில் வெறும் பெயரடையாக நிற்கும் ஒரு சொல்லையாவது எடுத்து, அவர் என்ன செய்யாமல் இருந்தார் என்று மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். நாலு "இல்லாதவர்" தொடர்ந்து வந்தால் அந்த மனிதர் எதுவுமே செய்யாதவர் போல ஆகிவிடும்.

எட்டாம் படி: புளித்துப்போன சொற்களைத் தள்ளுங்கள்

சில நல்ல சொற்கள் கிண்டலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. யோக்கியன் என்றால் தகுதியுள்ளவன் என்றுதான் பொருள். ஆனால் "யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை" என்ற பழமொழிக்குப் பிறகு அந்தச் சொல்லை நேராகச் சொல்வது கஷ்டம். அயோக்கியன் மட்டும் கூர் குறையாமல் இருக்கிறது. உத்தமர் என்பது காந்தியடிகளின் பெயருக்கு முன்னால் மரியாதையாக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரை "பெரிய உத்தமர்" என்றால் வேறு மாதிரி ஒலிக்கும். "ரொம்ப நல்லவர்" என்பதும் அப்படித்தான். கவரிமான் குறளிலிருந்து வந்த உயர்ந்த உவமை, இன்று வாய்ச்சண்டையில் குத்திக் காட்டத்தான் பயன்படுகிறது. பெரிய மனுஷன் என்ற சொல் குரலைப் பொறுத்தது. நேரில் சொல்லலாம், எழுத்தில் குரல் கேட்காது, எனவே வேண்டாம்.

ஒன்பதாம் படி: இடத்துக்கு ஏற்ற சொல்

சம்பந்தம் விசாரிக்க வருபவர் பாராட்டுரை கேட்க வருவதில்லை. "பையன் நல்ல பையன்" என்பதோடு நிறுத்தாமல், அவனுக்குக் கோபம் வந்தால் எப்படி, அம்மாவிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுவான், கடன் உண்டா என்பதைச் சொல்லுங்கள். "கெட்ட பழக்கம் எதுவும் இல்லை" என்பது குணத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

பரிந்துரைக் கடிதத்தில் நம்பகமானவர், பொறுப்பானவர், நேர்மையானவர் போதும். நன்னடத்தை என்பது அலுவலகச் சொல். பள்ளிச் சான்றிதழிலும் சிறை விடுதலைச் செய்தியிலும் வரும், பாராட்டில் வைத்தால் குளிர்ந்துபோய் இருக்கும்.

பெண்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. குணவதி, உத்தமி, அடக்கமானவர், குடும்பப் பாங்கானவர் என்று நமக்குப் பழக்கமான சொற்கள் எல்லாம் ஒரு பெண்ணின் நற்குணத்தை வீட்டுக்குள்ளேயே அளக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பல ஆண்டுகள் பிசகாமல் பார்த்தவரை "அடக்கமான பெண்மணி" என்று முடிப்பது அநியாயம். நாணயம், நேர்மை, கண்ணியம், வாக்குத் தவறாமை எல்லாம் அவர்களுக்கும் உரிய சொற்கள். தயங்காமல் எழுதுங்கள்.

பத்தாம் படி: எழுதிப் பார்ப்போம்

வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெறும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வரி இப்படி இருக்கும்: "அவர் சிறந்த பண்பாளர், நேர்மையாளர், கடமை உணர்வு மிக்கவர், அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்."

இப்போது சம்பவத்தைத் தேடுகிறோம். சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வருகிறவர்களில் எழுதத் தெரியாதவர்கள் உண்டு. வாசலில் காசு கொடுத்து மனு எழுதச் சொல்லி அவர் அனுப்பியதில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தானே எழுதிக் கொடுப்பார். மனுவில் பெயருக்கு முன்னால் திரு, திருமதி போட மறக்கமாட்டார். அது பண்பு, பாடறிந்து ஒழுகுதல். வேலை முடிந்தவர் டீ வாங்கி வந்தால் குடிக்கமாட்டார். அது கை சுத்தம். விடுபட்ட காகிதத்துக்காக யாரையும் அதட்டியதில்லை. அது தன்மை. மூன்றையும் சேர்த்தால்:

"மனு எழுதத் தெரியாமல் வந்தவரை உட்காரவைத்துத் தன் கையால் எழுதிக் கொடுத்தவர். கூலி வேலை செய்யும் பாட்டியின் பெயருக்கு முன்னாலும் திருமதி போட்டு எழுதியவர். இத்தனை ஆண்டில் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். இவருடைய பண்பு எங்கள் அலுவலகத்துக்கே நல்ல பெயர் வாங்கித் தந்தது."

பண்பு என்ற சொல் கடைசியில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதற்குள் வாசிப்பவருக்கு அதன் பொருள் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். பணி ஓய்வு உரையில் "அன்னார்" வேண்டாம், இரங்கல் அறிவிப்பு வாடை அடிக்கும். "அவர்கள்" என்பதை முதல் முறை பெயரோடு போட்டால் போதும், ஒவ்வொரு வரியிலும் வேண்டாம். இரங்கல் குறிப்பாக இருந்தால் நீங்கள் கேள்விப்பட்ட சம்பவத்தை வீட்டில் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் யாருக்கோ ஃபீஸ் கட்டினார், யாருடைய கடனையோ அடைத்தார் என்ற செய்தி வருமென்றால், உதவி பெற்றவர் யார் என்று ஊருக்குத் தெரியாதபடி எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.